ஜெபா வேலையை விட்ட மாதங்கள்

ஜெபா மாதம் ஒருமுறை வேலையை விட்டுவிடுவாள். கல்யாணமான புதிதிலேயே ஆல்வினுக்கு இது பழகிப்போயிற்று. புதுப்பட்டினம் வாடகை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "நாளைலேர்ந்து நான் போமாட்டேன்" என்பாள். "சரி, விட்ரு" என்பான் அவன். "எவ்ளோ ஈசியா சொல்ற. என் வேலன்னா உனுக்கு அவ்ளோ இளப்பமா போச்சா?" என்று அதற்கும் சண்டை வரும். அடுத்த மாதம் அவன் "விடாத ஜெபா" என்று சொல்லிப் பார்த்தான். அதற்கும் சண்டைதான் வந்தது. பிறகு அவன் எதுவும் சொல்லாமல் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்காரப் பழகிக்கொண்டான். சில நாளில் அவளே தன் வெள்ளைக் கோட்டை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டு, பாட்டை முணுமுணுத்தபடி வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

வேலை மாமல்லபுரம் போகிற வழியில், கடலைப் பார்த்த ஒரு பெரிய விடுதியில். ஆல்வினுக்கும் அங்கேதான் வேலை. ஏசி, ஐஸ் மெஷின், குளிர் அறை எல்லாவற்றுக்கும் அவன்தான் மெக்கானிக். ஜெபா சமையலறையில் மீன் பிரிவைப் பார்த்துக்கொண்டாள். அந்தச் சமையலறையில் பெண்கள் காய்கறி நறுக்கினார்கள், கேக் செய்தார்கள். நெருப்புக்கு முன்னால் நின்று வஞ்சிரமும் நண்டும் இறாலும் வாட்டி எடுத்த பெண் அவள் ஒருத்திதான். அவள் அப்பா ஏசுபாதம் ஊரார் நிலத்தில் நாற்று நட்டவர். "பொம்பளப் புள்ளக்கி சோறாக்க படிக்க வேற வைக்கணுமா" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லாமல் மகளைக் கேட்டரிங் கல்லூரியில் சேர்த்தார்.

ஆல்வின் அவளை முதன்முதலில் பார்த்ததும் அந்தச் சமையலறையில்தான். ஐஸ் மெஷின் நின்றுபோன ஒரு கத்திரி வெயில் நாள். அவன் கருவிப் பையோடு போய்ச் சேர்வதற்குள், கொக்கிலமேட்டுக் குப்பத்திலிருந்து ஆட்டோவில் ஐஸ் கட்டிகளை வரவழைத்து, உடைத்து, மீன் அத்தனையையும் அடுக்கி மூடிவைத்துவிட்டு, "மெதுவா பாருங்கண்ணா, அவசரம் இல்ல" என்றாள். இப்படி ஒரு பெண் தனக்கு மனைவியாக வந்தால் வீடே நிமிர்ந்துவிடும் என்று அன்றைக்கே அவனுக்குத் தோன்றியது. தோன்றியது தப்பில்லை. மாதத்தில் அந்தச் சில நாள் மட்டும் கணக்கில் சேரவில்லை.

அந்த வருடம் ஈஸ்டர் முடிந்து சில வாரங்கள் இருக்கும். விடுதியில் ஒரு கல்யாண வரவேற்பு, மதியச் சாப்பாடு. ஆல்வின் குளிர் அறைக் கதவின் ரப்பரை மாற்றிக்கொண்டிருந்தான். தலைமைச் சமையல்காரர் பன்னீர்செல்வம் வேகமாக உள்ளே வந்தார்.

"ஜெபா, எறா வறுவல் இன்னொரு ட்ரே வேணும்மா. காரம் கம்மியா."

"காலைலயே கேட்டேன்ல சார், காரம் போதுமான்னு."

"கேட்ட. இப்ப மாத்திட்டாங்க. நான் இன்னா பண்றது?"

தினமும் நடக்கிற பேச்சுதான். வேறொரு நாளாக இருந்தால், "பத்து நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு வாணலியைத் திருப்பியிருப்பாள். அன்றைக்கு அடுப்பை அணைத்தாள். தலையிலிருந்த தொப்பியை எடுத்து, பன்னீர்செல்வம் காய் நறுக்கும் பலகைமேல் வைத்தாள். "நீங்களே பண்ணிக்கோங்க சார். நான் வேலைலேர்ந்து நின்னுக்கறேன்" என்றாள். குரல் உயரவில்லை. அதனால்தான் எல்லாருக்கும் கேட்டது. கரண்டிச் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் பின்கதவு வழியாக வெளியே போனாள்.

ஆல்வின் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் பின்னால் போவதா, இல்லை இந்தச் சண்டைக்கும் தனக்கும் சம்பந்தமில்லாததுபோல் கதவைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. கதவைத்தான் பார்த்தான். வேலை முடிந்து போனபோது, வண்டி நிறுத்தும் கொட்டகையில் அவன் ஸ்கூட்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்தும் அவள் மனம் மாறவில்லை. தலைவலி, மார்வலி, வயிறு உப்பல் என்று படுத்தே கிடந்தாள். டிவியில் சோப்புத்தூள் விளம்பரத்துக்கு அழுதாள். பிறகு ஒரு காலை அவளுக்கு மாதவிடாய் வந்தது. அன்று சாயங்காலம் கானாங்கெளுத்தி அலசிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"ஆல்வின், அந்த ட்ரே யாரு பண்ணாங்க?"

"எந்த ட்ரே?"

"எறா."

"பன்னீர்செல்வம் சாரேதான் நின்னு வறுத்தாரு."

மீன் சட்டியை அப்படியே வைத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். "நான் இன்னா பண்ணிட்டு வந்துகீறேன்" என்றாள். அவன் சமாதானம் சொல்ல வாயெடுத்தபோது கையை உயர்த்தித் தடுத்தாள்.

"இருபா. உங்க அக்கா வந்தப்ப நான் கத்தினேன்ல, அது எப்போ?"

"குருத்தோலை ஞாயிறு."

"பெரிய வியாழனுக்கு நான் ஆராதனைக்கு வரல. மாசம் வந்து தலைக்கு ஊத்திகினு வூட்லதான் இருந்தேன். அதுக்கு முந்தின மாசம் மொபைல தூக்கிப் போட்டேனே?"

"அப்பவும் அடுத்த நாளோ என்னமோ வயித்து வலின்னு வெந்நீர் பை கேட்ட."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லையே என்று ஆல்வினுக்கு இருந்தது. அவர்களோடு இருந்த அவன் அம்மா பாப்பா, வெங்காயம் உரித்தபடி, "மாசாமாசம் எல்லாருக்கும் வர்றதுதானே. நாங்க இதுக்கு மாத்திரையா துன்னோம்?" என்றாள்.

"துன்னல அத்த. கஷ்டப்பட்டீங்களா, இல்லயா? அத சொல்லுங்க."

பாப்பா ஒரு வெங்காயம் முழுக்க உரித்து முடித்தாள். "பட்டோம்" என்றாள்.

மறுநாள் காலை ஜெபா வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டாள். முணுமுணுப்பு இல்லை. "ஜொரம்னு சொல்லிடு. சார் ஒண்ணும் கேக்கமாட்டாரு" என்றான் ஆல்வின்.

"பொய் சொன்னா அடுத்த மாசமும் ஜொரம் வரணும்" என்றாள் அவள்.

காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் நேரத்துக்கே போனாள். சமையலறை முழுவதும் வரிசையாக நின்றிருந்தது. ஆல்வினுக்கு அங்கே வேலையில்லை. இந்த முறை கதவுக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்று நினைத்து, போய் அவளுக்குச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டான்.

"சார், அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. எல்லார் எதிர்லயும் செஞ்சேன், எல்லார் எதிர்லயும் மன்னிப்பு கேக்கறேன்" என்று ஆரம்பித்தாள். "எனக்கு மாசம் வர்றதுக்கு முந்தி ஒரு வாரம் தல நிக்காது. எதுவா இருந்தாலும் பெருசா தெரியும். அது எனக்கே இப்பதான் புரிஞ்சது. இத சாக்கா சொல்லல சார். மறுபடி நடக்காம பாத்துக்கணும்னா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும், அதுக்காக சொல்றேன்."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். ஆல்வினுக்குக் காது சூடாயிற்று. ஜெபா கண்ணைத் தாழ்த்தவில்லை. பன்னீர்செல்வம்தான் தாழ்த்தினார். மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். "செரி... செரி மா. கொஞ்ச நாள் காய்கறிப் பக்கம் இரு. அப்புறம் பாக்கலாம்" என்றார்.

மீன் பிரிவை விட்டுக் காய்கறிக்கு என்றால் இறக்கம்தான். ஜெபா "சரி சார்" என்று போய்க் கேரட்டை எடுத்தாள். அன்றைக்கு மதியம் சாப்பாட்டு மேசையில் அவளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்ததை ஆல்வின் பார்த்தான். அதுவரை அவளோடு அதிகம் பேசாத கேக் பிரிவு சிநேகா, தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, எனுக்கும் அப்டித்தான் கீது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் மாத்திரை வந்தது. இரவும் பகலும் மொபைலில் படித்து, ஜெபா ஒரு பாட்டில் வரவழைத்தாள். பெண்களுக்கென்றே செய்தது, வைட்டமின் பி6 நிறைந்தது என்று அதில் போட்டிருந்தது. அதோடு ஒரு சத்து மாத்திரையும் சேர்த்துக்கொண்டாள். பாப்பா கால் மதமதப்புக்கு விழுங்குகிற நரம்பு மாத்திரையிலும் அதே பி6 இருப்பதைப் பார்த்து, அதிலும் ஒன்று. "இவ்ளோவா?" என்று கேட்டான் ஆல்வின். "வைட்டமின்தானேபா. ஒடம்புக்கு வேண்டியத எடுத்துகினு மீதிய வெளிய தள்ளிடும்" என்றாள்.

முதல் இரண்டு மூன்று மாதம் வீடு அமைதியாக இருந்தது. மாத்திரையாலா, தனக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டதாலா என்று யாரும் ஆராயவில்லை. ஜெபாவுக்கு ஒரே உற்சாகம். சிநேகாவுக்கும் இன்னும் இரண்டு பெண்களுக்கும் அவளே பாட்டில் வாங்கிக் கொடுத்தாள். பன்னீர்செல்வம் மீன் பிரிவுக்குத் திரும்பக் கூப்பிட்டார்.

ஐப்பசி மழையில் அது தொடங்கியது. விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பாதம் எரிகிறது என்றாள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்தால் அப்படித்தான் என்று அவளே சொல்லிக்கொண்டாள். ஒரு நாள் மதியம் ஆல்வின் சமையலறைக்குள் போனபோது, அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியின் விளிம்பை அவள் வெறும் விரலால் பிடித்திருந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவன்தான் கத்தாத குறையாகக் கையைத் தட்டிவிட்டான். தண்ணீருக்கடியில் காட்டியபோது விரல்களில் கொப்புளம் எழும்பியிருந்தது. ஜெபா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சுடவே இல்லபா" என்றாள் மெதுவாக. அவள் பயந்து அவன் பார்த்தது அதுதான் முதல்முறை. சமையல்காரிக்கு விரல் போனால் என்ன மிச்சம்?

அடுத்த நாளே செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூட்டத்தில் வெகுநேரம் உட்கார்ந்து டாக்டர் பானுமதியைப் பார்த்தார்கள். ஊசி முனையாலும் பஞ்சாலும் விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டார். ஜெபா பையிலிருந்து மூன்றையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார்.

"மூணுலயும் பி6 இருக்கு. எல்லாம் சேர்ந்தா தினமும் ரொம்ப அதிகமா உள்ள போகுது. மாசக்கணக்கா இப்படிப் போனா நரம்பைத்தான் தாக்கும்."

"வைட்டமின் இன்னா பண்ணும்னு நெனச்சேன் டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. இப்ப நிறுத்திட்டா பெரும்பாலும் சரியாயிடும், ஆனா மெதுவாத்தான். மத்த காரணம் எதுவும் இல்லன்னு ரத்தமும் பாத்துடலாம்."

ஜெபா எழுந்துவிடவில்லை. "அப்போ நான் மறுபடி பழைய மாதிரி ஆயிடுவேனா? தொப்பிய கழட்டி வச்சிட்டு வந்துடுவேன் டாக்டர்" என்றாள். டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. ஜெபா நடந்ததையெல்லாம் சொன்னாள். வெளியே வரிசை நின்றிருந்தபோதும் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இதுக்குக் கால்சியம் கொஞ்சம் உதவும்னு ஆராய்ச்சிகள்ல பாத்திருக்காங்க. எழுதித் தரேன், இந்த அளவுக்கு மேல வேண்டாம். மூணு மாசம் பாருங்க. தூக்கம், நடை, உப்பு கம்மி, இதெல்லாமும் சேர்த்துத்தான். இதுல அடங்கலன்னா திரும்ப வாங்க. அதுக்கு வேற மருந்து இருக்கு, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. நீங்களா வாங்கி மட்டும் சாப்பிடாதீங்க."

பஸ்சில் திரும்பி வரும்போது ஜெபா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது, "சிநேகாக்கு நான்தானே குடுத்தேன்" என்றாள்.

"போன் பண்ணி சொல்லிடு."

"குடுத்தப்ப கைல குடுத்தேன். போன்லயா வாங்கறது?"

புதுப்பட்டினத்தில் இறங்கியதும் ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னாள். அது எந்த வாரம் என்று ஆல்வினுக்குத் தெரியும். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே சீப்பு கிடைக்கவில்லை என்று அவன்மேல் எரிந்து விழுந்திருந்தாள். நாளைக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தான். கேட்கவில்லை.

சிநேகா வீடு சதுரங்கப்பட்டினம் குப்பத்தில். அவள் அம்மா குப்பம்மா மீன் விற்கிறவள். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"நீதானம்மா குடுத்த. சத்து மாத்திர, சத்து மாத்திரன்னு எம்பொண்ணு தெனம் முழுங்கிச்சி. இப்ப நீயே வந்து துன்னாதன்ற. படிச்ச பொண்ணு நீ, ஒனக்கு புத்தி வோணா?"

"என் தப்புதான்மா. சரியா தெரிஞ்சிக்காம குடுத்துட்டேன். சிநேகா, ஒனக்குக் கை கால் மதமதன்னு கீதா?"

"இல்லக்கா. பாதி நாள் மறந்துடுவேன்" என்றாள் சிநேகா.

குப்பம்மா விடவில்லை. தெருவில் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்க்கிற அளவுக்குப் பேசினாள். ஜெபாவின் கழுத்து நரம்பு புடைப்பதை ஆல்வின் பார்த்தான். இதோ வெடிக்கப்போகிறது என்று ஸ்கூட்டர் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவளோ நின்ற இடத்தைவிட்டு அசையாமல் கடைசி வார்த்தைவரை கேட்டாள். "எதுனா ஒடம்புல தெரிஞ்சா ஒடனே சொல்லுங்க. நானே செங்கல்பட்டு இட்டுகினு போறேன்" என்று சொல்லி, மிச்சமிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும், "வண்டிய ஓரமா நிறுத்து" என்றாள். சவுக்குத் தோப்புப் பக்கம் நிறுத்தினான். அவன் முதுகில் முகத்தை வைத்து நன்றாக அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எனுக்கு வந்த கோவத்துக்கு அந்த அம்மாவ நாலு கேட்டிருப்பேன்பா. அவங்க சொன்னதுல பாதி நியாயம், அதான் பேசல. மீதி பாதிக்கு அடுத்த வாரம் வந்து கேக்கறேன். எடு வண்டிய. இன்னும் ரெண்டு வூடு கீது."

ஆல்வின் வண்டியை எடுத்தான். தன் கையில் சூடு தெரியாமல் போன ஒருத்தி, மற்றவர்கள் கைக்காக வீடு வீடாகப் போய்த் திட்டு வாங்குகிறாள் என்று நினைத்தான். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். "பசிக்குதா?" என்றுதான் கேட்க வந்தது.

விரல்களில் உணர்ச்சி மெதுவாகத்தான் திரும்பியது. சமையலறையில் பன்னீர்செல்வத்திடம் அதையும் நேராகச் சொல்லிவிட்டாள். அவரே அவளை அடுப்பிலிருந்து எடுத்து, மசாலா பதம் பார்க்கவும் தட்டு அலங்கரிக்கவும் வைத்தார். வீட்டில் தினமும் காலையில் பாப்பா வெந்நீர், ஐஸ்தண்ணீர் என்று இரண்டு கிண்ணம் வைப்பாள். எது எது என்று ஜெபா கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். முதலில் தப்பும் சரியுமாக வந்தது. பங்குனி வெயிலில் ஒரு நாள் பாப்பா இரண்டு கிண்ணத்திலும் பச்சைத் தண்ணீரை வைத்தாள். "அத்த, வெளையாடறீங்க" என்றாள் ஜெபா. பாப்பா சிரித்தபடி உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஆல்வின் பார்த்தான்.

கால்சியம் மாயம் எதுவும் செய்துவிடவில்லை. அந்த வாரம் இன்னும் வரத்தான் செய்தது. முன்பு மலையாக வந்தது இப்போது மேடாக வந்தது, அவ்வளவுதான். வரும்போது அவளே, "இந்த வாரம் என்கிட்ட பெரிய விஷயம் எதுவும் கேக்காத. வூடு மாத்தலாமா, வண்டி வாங்கலாமா, எதுவும் வேணாம்" என்று அறிவித்துவிடுவாள். ஆல்வின் டிவி முன்னால் உட்காராமல் பாத்திரம் கழுவக் கற்றுக்கொண்டான். ஒரு மாதம் மட்டும், "நான் வேலைய விட்றேன்" என்று வாசலிலேயே சொன்னாள். சொல்லிவிட்டுத் தானே, "வியாழக்கெழம வரைக்கும் விடல. அப்புறம் பாக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டாள். வியாழக்கிழமை மீன் பிரிவில் நின்று நண்டு வறுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோடையில் ஒரு நாள், ஆல்வின் ஐஸ் மெஷினைத் திறந்து வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். பன்னீர்செல்வம் வந்து பக்கத்தில் நின்றார்.

"இன்னா சார், ஐஸ் பத்தலயா?"

"அதில்லபா. ஜெபா அன்னிக்கு சொல்லிச்சே, எல்லார் எதிர்லயும். எங்க வூட்லயும் அதேதான்னு நெனக்கறேன். சந்திரம்மா, எங்க வூட்டுக்காரம்மா. மாசத்துல ஒரு வாரம் நான் எதுக்கு பொறந்தேன்னு கேக்கும். நானும் எதுக்கு இங்க டபுள் ஷிப்ட் பாக்கறேன்னு நெனச்ச?"

ஆல்வின் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான். "ஜெபாகிட்ட கேளுங்க சார்" என்றான்.

கேட்டார். இந்தத் தடவையும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். "எந்த மாத்திரன்னு மட்டும் சொல்லும்மா, வாங்கிக் குடுத்துடறேன்."

"மாத்திர பேர் சொல்லமாட்டேன் சார். ஒருக்கா சொல்லி பட்டது போதும். அவங்கள டாக்டர் பாக்கட்டும், கூட நான் போறேன். முதல்ல அவங்களுக்கு இன்னா பண்ணுதுன்னு கேட்டீங்களா?"

"அத எப்டிமா கேக்கறது?"

"வாயாலதான் சார்."

ஞாயிற்றுக்கிழமை, வேலை ஓய்ந்த பிற்பகலில் சந்திரம்மா வந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு வைத்த, கூச்சப்படுகிற பெண்மணி. அவளா பன்னீர்செல்வத்தை வீட்டைவிட்டு ஓட்டுகிறாள் என்று நம்ப முடியவில்லை. சமையலறைக்குப் பின்னால் சவுக்கு நிழலில் ஜெபா இரண்டு நாற்காலி போட்டாள். டீ கொண்டுவந்து கொடுத்த ஆண்கள் இருவரையும், "போதும், நீங்க போங்க" என்று அனுப்பிவிட்டாள்.

பன்னீர்செல்வமும் ஆல்வினும் பாத்திரம் கழுவுகிற இடத்தருகே போய் நின்றார்கள். அங்கிருந்து பேச்சு கேட்காது. சந்திரம்மா முதலில் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். பிறகு கையை ஆட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், சொல்லிக்கொண்டே போனாள். ஜெபா முழங்கையை முட்டிமேல் வைத்து, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சந்திரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"நம்மள பத்திதான் பேசறாங்களாபா?" என்று பன்னீர்செல்வம் கேட்டார்.

"வேற இன்னா சார் கீது பேசறதுக்கு" என்றான் ஆல்வின்.